வயதின் வேலியைத் தாண்டிய நட்பு

நட்பென்பது ஒத்த வயதினர்க்கே உரியது என்று கருதுவோர் பலர். மூத்தோன் ஆணையிடுவான், இளையோன் பணிவான். அதற்கு மேல் உறவில்லை என்பது நிலப்பிரபுத்துவம் நமக்கு விட்டுச் சென்ற எண்ணம். இதனைப் பொய்ப்பித்த ஒரு நட்பைத் திருகோணமலையில் வாழும் நாம் நினைவுகூர வேண்டும்.

1925இல் இராமகிருஷ்ண சங்கம் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் ஆனார். இருவர்க்குமிடையே 19 ஆண்டுகள். ஒருவர் காவியுடுத்த துறவி. மற்றவர் அரசாங்க உத்தியோகத்தர்.

இவர்களை நெருங்கச் செய்தது போர்க்கால நெருக்கடியே. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. பர்மா வீழ்ந்ததனால் அரிசி வரவு தடைப்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அஸீஸ் அவ்வாண்டிலே கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அதன் அண்டைக் கிராமமே காரைதீவு. அடிகளாருக்கு அப்பொழுது வயது 50, அஸீஸுக்கு 30.

நெல் விளைவிக்கும் உழவனின் பிள்ளைக்குக் கல்வி எட்டாதிருந்ததை அஸீஸ் அங்கே கண்டார். ஏழை மாணவர்க்குப் பள்ளிகளும் விடுதிகளும் அமைத்த அனுபவம் அடிகளாரிடம் இருந்தது. அந்த அனுபவம் நட்பின் வழியே கைமாறியது. 1945இல் அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் உயர் பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அடிகளார் அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நட்பு விதைத்தது மறையவில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இளையவர் மூத்தவரின் நிழலாகிவிடவில்லை. பெற்றதைத் தம் சமூகத்தின் தேவைக்கேற்பப் புதிதாக்கினார். குருபக்தி இதனைச் செய்யாது, நட்பே செய்யும்.

1985இலும் 1990இலும் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் குருதி சிந்தினர். அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஒரே கடற்கரையில் வாழும் எம் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில், ஒருவரையொருவர் அறியாமலே வளர்கின்றனர். ஆசிரியராகிய நாம் மேசைக்கு அப்பாலிருந்து உபதேசிப்பதை விடுத்து, மாணவனுக்குத் தோழராவோமா? மறு தெருவின் பள்ளிக்கும் நடந்து செல்வோமா? அந்த இருவரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுவே.