பானையில் வந்த சாரை

வாலிகண்டபுரம் என்னும் எங்கள் ஊர், திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே இருக்கிறது. வாலி வழிபட்டதாகக் கூறப்படும் வாலீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலங்கள். தானியம் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. ஆகவே பாம்பு எங்களுக்குப் புதியதன்று.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலை, அண்டை வீட்டுச் சிறுவர் இருவர் ஒரு மண்பானையைச் சுமந்துகொண்டு என் திண்ணைக்கு வந்தனர். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. வெங்காயத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய வலையில் சிக்கித் தவித்த சாரைப்பாம்பு ஒன்றை, வலையை அறுத்து மீட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். “ஐயா, இதை நாங்களே வளர்க்கப் போகிறோம். பால் வைத்தோம், குடிக்கமாட்டேன் என்கிறது” என்றான் மூத்தவன். பானைக்குள் எட்டிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே நூல் அறுத்த காயம் இருந்தது.

அவர்களை நான் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. இளம் வயதில் பள்ளித் தாழ்வாரத்தில் பாம்பு ஒன்று தென்பட்டபோது, அடித்துக் கொல்லுமாறு நானே பணித்தேன். கொன்ற பின்னர்தான் அது நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு என்று தெரிந்தது. இச்சிறுவர்களோ கொல்லாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். எனவே வளர்க்கக்கூடாது என்று சொல்வதற்கு முன்னர், பாம்பிடம் மனிதன் நடந்துகொண்ட வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் நாட்டுப் பாம்புகளை முறையாக ஆராய முற்பட்டவர்களுள் முதன்மையானவர் பாட்ரிக் ரசல் என்னும் மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் விசாகப்பட்டினத்தில் இருந்த அவர், சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளைப் பற்றி 1796-ல் நூல் வெளியிட்டார். எது நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று மக்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் அவருக்குப் பின்வந்த ஆட்சியாளர்களுக்கு வேறுபாடு காணும் பொறுமை இருக்கவில்லை. கொன்ற பாம்புக்குப் பரிசுப்பணம் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் பல மாகாணங்களில் நடத்தினார்கள். செத்த பாம்புக்கே விலை என்றாயிற்று.

அடுத்து வந்தது தோல் வாணிகம். மேனாட்டு மாதரின் கைப்பைக்கும் காலணிக்கும் நம் நாட்டுப் பாம்புத்தோல் இலட்சக்கணக்கில் கப்பலேறியது. செங்கற்பட்டுச் சீமையில் வாழும் இருளர் மக்கள், பாம்பின் தடத்தை மண்ணில் படித்து, வளையைத் தோண்டிப் பிடிப்பதில் நிகரற்றவர்கள். அவ்வரிய கலைக்கு அன்று கிடைத்த கூலி மிகச் சொற்பம், இலாபமெல்லாம் இடைத்தரகருக்கே.

இந்நிலையில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் நம் வரலாற்றில் நுழைகிறார். 1943-ல் அமெரிக்காவில் பிறந்து, சிறுவனாக இந்தியாவுக்கு வந்தவர். கொடைக்கானல் பள்ளி விடுதியில் படித்தபோது, தம் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு ஒன்றை வளர்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. (விடுதிக் காப்பாளர் நிலையில் என்னை வைத்துப் பார்க்கிறேன்; நெஞ்சு படபடக்கிறது!) பின்னர் அமெரிக்காவில் பாம்புப் பண்ணை ஒன்றில் தொழில் பழகி, 1967-ல் இந்தியா திரும்பினார். இருளரோடு காடுமேடெல்லாம் அலைந்து அவர்களிடம் பாடம் கேட்டார். சென்னையை அடுத்த சேலையூரில் சிறிதாகத் தொடங்கிய அவரது பாம்புப் பண்ணை, 1972-ல் கிண்டியில் நிலைபெற்றது.

அதே 1972-ல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு இது விடிவு. இருளர் குடும்பங்களுக்கோ அடுப்பு அணைந்தது. சட்டம் ஒருவரைக் காக்கும்போது மற்றொருவரைப் பட்டினியில் தள்ளக்கூடும் என்பதை நம் வரலாற்று நூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை. அதற்கு மருந்தாக 1978-ல் தோன்றியதே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது.

அச்சங்கத்தின் வேலைமுறை அறியத்தக்கது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியுடன் பிடித்துவந்து, மணல் பரப்பிய மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பாம்புக்கடி மருந்து செய்யப்படுகிறது. இவ்வழியை வகுத்தவர்களுள் தலைசிறந்தவர், 1890-களில் உழைத்த ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு அறிஞர். செத்த பாம்புக்கு இருந்த விலை, இங்கே உயிருள்ள பாம்புக்கு மாறிற்று.

இம்மருந்தின் அருமையை நான் அண்மையிலிருந்து கண்டவன். என் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தியின் தந்தையை, தரையில் உறங்குகையில் கட்டுவிரியன் தீண்டிற்று. கடிவாயில் வீக்கமும் இல்லை, பெரிதாக வலியும் இல்லை. அதனால் விடியுமளவும் வேப்பிலை வீசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது காலம் கடந்துவிட்டது. அச்சிறுமி அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஓர் ஆய்வு 2020-ல் கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024-ல், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒன்றாக ஆக்கியது.

இவ்வளவும் கேட்ட இளையவன், “அப்படியானால் விட்டேக்கர் மட்டும் வளர்க்கலாமா, ஐயா?” என்றான். நியாயமான கேள்வி! அவர் கட்டிலுக்கு அடியில் வளர்த்த காலத்தில் இச்சட்டம் இல்லை என்றேன். பிறகு அமெரிக்காவின் கதையைச் சொன்னேன். அங்கே ஃபுளோரிடாவில், ஆசைக்கு வாங்கிய பர்மிய மலைப்பாம்புகளை, பெருத்ததும் சிலர் சதுப்புநிலத்தில் விட்டார்கள். அவை பெருகி அந்நாட்டு விலங்குகளைத் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க வழி தெரியாமல், 2017-ல் நம் இருளர் இருவரை அழைத்தார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பது அவர்கள் பெயர். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

“நம் சாரை பெருத்தாலும் நாங்கள் விடமாட்டோம்” என்றான் மூத்தவன். அன்பு பேசியது. ஆனால் பாம்பின் தேவை வேறு. உடற்சூட்டை அது தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது; வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி ஊர்ந்தே சரிசெய்துகொள்ளும். பானைக்குள் அதற்கு இடமேது? பால் அதன் உணவன்று; தாகத்தால் தவிக்கும் பாம்பு வேறு வழியின்றிக் குடிப்பதைக் கண்டு நாம் ஏமாறுகிறோம். அச்சமுற்ற பாம்பு, எலியைக் கொடுத்தாலும் வாரக்கணக்கில் தின்னாது. ஒரு பாம்பைத் தத்தெடுத்துத்தான் தீரவேண்டும் என்றால், வண்டலூர் உயிரியல் பூங்கா போன்ற இடங்களில் விலங்கின் உணவுச் செலவை ஏற்கும் முறை இருக்கிறது. வளர்ப்பவர் அவர்கள், உதவுபவர் நாம்.

வனத்துறைக்குத் தொலைபேசியில் சொன்னோம். பிற்பகலில் ஊழியர் ஒருவர் வந்து, காயம் மேலோட்டமானதுதான் என்று கூறி, கழுவி மருந்திட்டார். ஏரிக்கரையில் பானையைச் சாய்த்தபோது சாரை சற்று நேரம் அசையவில்லை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை மோந்தது. பிறகு கற்றாழைப் புதருக்குள் சரசரவென்று மறைந்தது. இளையவன் வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வழியெல்லாம் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று, “அந்த வலையை நாளைக்கே சுருட்டிவிடச் சொல்கிறேன், ஐயா” என்றான்.