பற்று நோட்டும் கரிக்கோடும்: கடையில் கணக்கு வைப்பது யார்? – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூரைத் தாண்டினால் வருகிற ஊர் கௌதள்ளி. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகாலம் தாலுக்கா சென்னை ராஜ்யத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூருடன் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு போனது. ஆக, எங்கள் பக்கத்துத் தமிழர்கள் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள்.

சங்க மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, கோயில், கல்வெட்டு என்று ஏதாவது எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெங்களூரில் ஒரு பெரிய கடையில் என் அம்மாவுக்கு நேர்ந்த ஓர் அனுபவம் என்னை வேறு பக்கம் திருப்பிவிட்டது. கடையில் பொருள் வாங்கிக் காசு கொடுப்பது என்கிற சாதாரணக் காரியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் எந்தக் காலத்தில் யார் கணக்கு எழுதினார்கள், தப்பு வந்தால் யார் பொறுப்பு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பற்று நோட்டுக் காலம்

நான் சிறுவனாக இருந்தபோது ஊரில் மளிகைக்கடை என்றால் முன்னால் ஒரு மேசை, பின்னால் மூட்டைகள், நடுவில் தராசு. வாங்குபவர் எதையும் தொட முடியாது. வேண்டியதைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொள்வார். ராகி அறுவடை முடிந்து கையில் பணம் வந்ததும் பாக்கியைத் தீர்ப்போம். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று அட்டை தொங்கும். அதற்குக் கீழேயே கடன் நடக்கும்!

என் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடைக்காரரின் நோட்டை மட்டும் நம்பி அவர் இருந்ததில்லை. சமையல் அறைக் கதவுக்குப் பின்னால், சுவரில் அடுப்புக் கரியால் கோடு போட்டு வைப்பார். நேர்கோடு ஒரு படி அரிசி, சாய்ந்த கோடு எண்ணெய், புள்ளி என்றால் உப்பு. ஒரு வருஷம் கடைக்காரர் கணக்குக்கும் சுவருக்கும் எண்ணெயில் இரண்டு கோடு வித்தியாசம் வந்தது. “நீங்க வந்து சுவத்தப் பாருங்க அண்ணா” என்று அம்மாயி கூப்பிட்டார். அவர் வந்தார், பார்த்தார், நோட்டைப் புரட்டினார். பக்கத்து வீட்டு எண்ணெய் எங்கள் பக்கத்தில் ஏறியிருந்தது. அடித்துவிட்டார். இன்னொரு வருஷம் சுவரில்தான் கோடு விட்டுப்போயிருந்தது. அம்மாயி பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கடனுக்கு வாங்கினால் விலை கூடுதல். பாக்கி இருக்கும் வரை வேறு கடை வாசலை மிதிக்க முடியாது. கூட்டிப் போடுகிற கடைக்காரர்களும் உண்டு, சுவரில் கோடு போடத் தோன்றாத வீடுகளும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்று கணக்கு இரண்டு இடத்தில் இருந்தது.

ரொக்கம் வந்த கதை

கடனுக்கு எதிரான குரல் முதலில் கடைக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, வாங்குபவர்களிடமிருந்தும் வந்தது என்பது சுவையான செய்தி. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து தங்களுக்கென ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். சரியான எடை, கலப்படமில்லாத பொருள், ரொக்க விற்பனை ஆகியவை அவர்களுடைய விதிகள். கடன் கொடுக்கும் கடையில் வராக் கடனின் சுமையும் விலையில் சேர்ந்துவிடுகிறது. ஒழுங்காகக் கொடுப்பவன் கொடுக்காதவனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறான் என்பது ரொக்கத்துக்கான நியாயம்.

கூட்டுறவு இயக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதச் சம்பளக்காரருக்கு ரொக்கம் ஒத்துவரும். வருஷத்துக்கு ஒரு தரம் பணம் பார்க்கிற கௌதள்ளி விவசாயிக்கு ஒத்துவராது. பணம் கொடுக்கும் முறையை மாற்றுகிறபோது அது யாருடைய வாழ்க்கைக்குப் பொருந்துகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்கிற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு நூறு பைசா ஆனது. அம்மாயி கடைசி வரை ‘எட்டணா’ என்றுதான் சொல்வார், அம்பது பைசா என்று அவர் வாயில் வந்ததே இல்லை. ஆனால் சுவர்க் கோட்டுக்கு அணாவும் ஒன்றுதான், பைசாவும் ஒன்றுதான்.

தானே எடுத்தல்

1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்தார். அதற்கு முன் அங்கேயும் நம்ம ஊர் மாதிரிதான், கேட்டால் கடைப் பையன் எடுத்துக் கொடுப்பான். சாண்டர்ஸ் அதை மாற்றினார். சுழல் கதவு வழியாக உள்ளே போய், கூடையை எடுத்துக்கொண்டு, பொருள்களைத் தானே பொறுக்கி, வெளியே வரும் வழியில் பணம் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு 1917இல் காப்புரிமையும் பெற்றார். ஆள் கூலி குறைந்தது, விலையும் குறைந்தது. கடைப் பையன் செய்த வேலையில் பாதி வாங்குபவர் கைக்கு வந்தது. அதற்காக யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிற சுதந்திரம் கிடைத்ததே!

நம் பக்கத்தில் இந்த முறை பரவலாக வெகு காலம் ஆயிற்று. சென்னையில் 1996இல் ஃபுட் வேர்ல்டு வந்தது. 1997இல் அதே சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, குறைந்த விலையை நம்பி நாடு முழுதும் கிளை விட்டு, 2009இல் மூடப்பட்டது. 2001இல் பிக் பஜார் வந்தது. இவற்றோடு கூடவே வேறொரு பழக்கமும் வந்தது: வாசலில் பையை வைத்துவிட்டு டோக்கன் வாங்குவது, வெளியே போகும்போது காவலாளி பில்லைப் பார்த்து ஓட்டை போடுவது. தானே எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, தானே எடுத்திருப்பானோ என்கிற சந்தேகமும் சேர்ந்தே வந்தது.

கோடுகள் பேசத் தொடங்கியது

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டிராய் நகரக் கடை ஒன்றில், ஒரு சூயிங்கம் கட்டின் மேல் அச்சிட்ட பட்டைக்கோட்டை இயந்திரம் படித்தது. சரக்கின் மேல் ஒட்டிய அத்தகைய கோடு விற்பனையில் படிக்கப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்பர். அம்மாயியின் கரிக்கோடு நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் இந்தக் கோட்டை வாங்குபவர் படிக்க முடியாது. கணக்கு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்கு அடுத்த படிதான், வாங்குபவரே பொருளை இயந்திரத்தில் காட்டித் தானே பில் போடும் ‘செல்ஃப் செக்-அவுட்’. 1980களின் நடுவில் அமெரிக்காவில் டேவிட் ஹம்பிள் என்பவரின் நிறுவனம் இதைச் செய்து, அட்லாண்டா பகுதிக் கடையில் வைத்தது. பிறகு மேலை நாடுகளெங்கும் பரவியது. இப்போது நம்ம ஊர்ப் பெரிய கடைகள் சிலவற்றிலும் பார்க்கிறோம்.

அம்மாவின் கேள்வி

இனி, தொடக்கத்தில் சொன்ன அனுபவத்துக்கு வருகிறேன். கடையின் பெயர் வேண்டாம். பண்டிகைக்கு முந்தின சாயங்காலம். ரொக்கம் வாங்குகிற கவுண்டர் ஒன்றே ஒன்று, அதில் இருபது பேர். “சார், போன்ல கட்டறதுன்னா இங்க நீங்களே பில் போட்டுக்கலாம்” என்றார் ஊழியர். அம்மா கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்திருந்தார். “எங்கிட்ட காசு இருக்குதே, இது செல்லாதா?” என்று கேட்டார். என் கைபேசியில் நானே கட்டினேன். ஒவ்வொரு பொருளாக இயந்திரத்தில் காட்டியது அம்மா. வாசலில் காவலாளி பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து எங்களை நிறுத்திவிட்டார். ஒரு சீரகப் பொட்டலம் பில்லில் ஏறவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. “தம்பி, கணக்கு எழுதற வேலை உங்களுது. அத என்னச் செய்யச் சொன்னீங்க. எனக்குப் பழக்கமில்ல, தப்பாயிடுச்சு. உங்க ஆளு தப்பா எழுதியிருந்தா அதுக்குப் பேரு தப்பு. நான் எழுதினா மட்டும் அதுக்குப் பேரு திருட்டா?” என்றார். காவலாளியும் பாவம், சம்பளத்துக்கு நிற்பவர்; பதில் சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். வீடு வரும்வரை அம்மா பேசவே இல்லை. அறுபது வருஷம் யாரிடமும் பாக்கி வைக்காதவர்.

அந்தக் கேள்வியை வெளிநாடுகளிலும் பலர் கேட்டிருக்கிறார்கள். 2023இல் இங்கிலாந்தின் பூத்ஸ் நிறுவனம் தன் பெரும்பாலான கடைகளிலிருந்து இந்த இயந்திரங்களை எடுத்துவிட்டு ஆட்களையே மறுபடி உட்கார வைத்தது. 2024இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், பத்துப் பொருளுக்கு மேல் இருந்தால் தானே பில் போட முடியாது என்று தன் பெரும்பாலான கடைகளில் வரம்பு வைத்தது. அதே ஆண்டு டாலர் ஜெனரலும் பல கடைகளில் இவற்றை நீக்கியது. சரக்கு காணாமல் போவதும், வாடிக்கையாளரின் சலிப்பும் இப்படிப்பட்ட மாற்றங்களுக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன.

கைபேசியும் வரிக் கணக்கும்

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதன் பின் சில ஆண்டுகளில் கௌதள்ளி பெட்டிக்கடையிலும் க்யூ.ஆர். அட்டை தொங்கியது. மலைக்கு நடந்து போகிற பக்தர்கூட டீக்குக் கைபேசியில் கட்டுகிறார். சில்லறைத் தொல்லை போயிற்று என்பதை மறுக்க முடியாது.

ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது? யு.பி.ஐ. வரவுகளை வைத்துக் கர்நாடக வணிக வரித்துறை சிறு வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீசு அனுப்பியது. சரக்கு விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவையில் 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெங்களூரில் பல கடைகள் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு, ‘யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. பிறகு முதலமைச்சர் வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கி வற்புறுத்தப்படாது என்று சொன்ன பின்பே கொந்தளிப்பு அடங்கியது. எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டு வந்தது 1939இல் ராஜாஜியின் சென்னை அரசு. அப்போது கொள்ளேகாலமும் அதற்குள்தான் இருந்தது. கடைக்காரரின் கணக்குக்குப் பின்னாலும் ஒரு கணக்கு ஓடுகிறது என்பதை அன்றே கற்றுக்கொண்டோம்.

இதன் மறுபக்கம், ரொக்கமே வாங்காத கடை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம் 2019இலும், நியூயார்க் நகரம் 2020இலும் கடைகள் ரொக்கத்தை மறுப்பதைச் சட்டத்தால் தடுத்தன. நார்வேயில் 2024 அக்டோபரிலிருந்து, கடையில் ரொக்கமாகக் கொடுக்கும் உரிமை சட்டத்தால் வலுப்படுத்தப்பட்டது. வங்கிக் கணக்கு இல்லாத ஏழையும், இயந்திரம் பழகாத முதியவரும் கடை வாசலில் நின்றுவிடக் கூடாது என்பது இதற்கான முக்கிய காரணம். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. சில மணி நேரம் தடுமாறியபோது, சட்டைப் பையில் நோட்டு வைத்திருந்தவர்தான் நிம்மதியாக இருந்தார்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பணம் கொடுக்கும் முறை மாறிய ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் வேலையில் ஒரு பங்கு வாங்குபவரிடம் வந்தது. தானே எடுத்தோம், தானே சுமந்தோம், இப்போது தானே பில் போடுகிறோம். வேலை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வேலையை நம்மிடம் கொடுத்துவிட்டு, கணக்கை மட்டும் கடை தன்னிடமே வைத்துக்கொண்டதும், தப்புக்கான பழியை நம் பக்கம் தள்ளியதும்தான் நியாயமில்லை.

பெரிய கடைகளுக்கு நான் கேட்பது அதிகமில்லை. இயந்திரம் இருக்கட்டும். ஆள் உட்கார்ந்து ரொக்கம் வாங்குகிற கவுண்டர்கள் கூட்டத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். காகித பில் கேட்டால் கொடுக்க வேண்டும். பழகாதவர் கையில் தப்பு வந்தால், ஊழியரின் தப்பைத் திருத்துவது போலவே அதையும் திருத்த வேண்டும்.

அம்மாயி வீட்டுச் சுவருக்கு எத்தனையோ தரம் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அம்மா இப்போது கடைக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்கிறார். கூடையில் போடும் ஒவ்வொரு பொருளையும் எழுதி, வெளியே வருமுன் பில்லோடு ஒத்துப் பார்க்கிறார். “எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டால், “என் கணக்கு எங்கிட்ட இருக்கணுமில்ல?” என்கிறார்.