கியாசனூர் காட்டு நோய்

உண்ணிக் கடியால் பரவும் வைரஸ் காய்ச்சல். கர்நாடக மலைநாட்டு மக்கள் இதை 'மங்கன காயிலெ' என்பார்கள். தமிழில் குரங்குக் காய்ச்சல். பழி குரங்கின்மேல் விழுந்தாலும் அதுவும் நம்மைப் போல் நோய்க்குப் பலியாவதுதான்.

1957 தொடக்கத்தில் சிமோகா மாவட்டம் சொரப் வட்டத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுப்புற ஊர்களிலும் காய்ச்சல் கண்டது. புனே வைரஸ் ஆய்வு மையத்தார் முதலில் மஞ்சள் காய்ச்சலோ என்றுதான் அஞ்சினார்கள். ஆசியா அதுவரை அறியாத அந்நோய் வந்துவிட்டிருந்தால் விளைவு பயங்கரமாக இருந்திருக்கும். ஆனால் பிரித்தெடுத்த வைரஸ், ரஷ்யாவின் உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயத்தில், பறவையியலாளர் சாலிம் அலி போன்றோர் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு ஆராய்ந்தார்கள். அந்த ஐயம் மெய்ப்படவில்லை.

உண்மையான காரணம் காட்டின் விளிம்பிலேயே இருந்தது. நோய் பரப்பும் முதன்மை உண்ணி ஹீமாஃபிசாலிஸ் ஸ்பினிகெரா. அதன் இளம் பருவம் எலி, அணில், குரங்கு போன்றவற்றின் இரத்தத்தில் வளரும். முதிர்ந்த உண்ணிக்கு மாடுதான் நல்ல விருந்து. மேய்ச்சலுக்குக் காடு புகும் மாட்டுக்கு நோய் வருவதில்லை, உண்ணிதான் பெருகுகிறது. குரங்கு செத்த இடத்தில் அதன் உடலை விட்டிறங்கும் உண்ணிகள் சருகில் காத்திருக்கும். மழை ஓய்ந்தபின், விறகும் சருகும் பொறுக்கப் போகிறவர்களைக் கடிப்பவை பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தென்படாத இளம் உண்ணிகளே. திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, தசைவலி, சிலருக்கு இரத்தக்கசிவு. நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் இறப்பதுண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது.

1982-83இல் தெற்குக் கன்னடத்தின் பெல்தங்கடியில், முந்திரித் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்டதை ஒட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். பல பத்தாண்டுகள் கர்நாடகத்தின் சில மாவட்டங்களுக்குள் அடங்கியிருந்த நோய் 2012 முதல் பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவா, சிந்துதுர்க் என மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகத் தலைகாட்டியது.

இதற்கெனத் தனி மருந்து இல்லை. 1990 முதல் போடப்பட்டு வந்த தடுப்பூசி, மீண்டும் மீண்டும் போட்டும் போதிய காப்புத் தராததால் 2022இல் கைவிடப்பட்டது. இப்போதைக்கு உண்ணி விரட்டும் எண்ணெய் பூசிக்கொண்டு காட்டுக்குள் போவதும், குரங்கு செத்துக் கிடந்தால் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்வதுமே வழி.