இல்லாளும் வீட்டுக்காரரும்

எங்கள் ரேணிகுண்டாவில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஓடும். நமக்கு இல்லாள், அவர்களுக்கு இல்லாலு. இரண்டிலும் வீடு இருக்கிறது. 'மனைவி'யிலும் மனை இருக்கிறது. இல்லாளுக்கு ஆண்பால் தேடினால் 'இல்லான்' வரும், அதற்கு ஒன்றுமில்லாதவன் என்று பொருள்! (வேர்ச்சொல் வேறுதான், ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) பேச்சில் மட்டும் கணவர் 'வீட்டுக்காரர்' ஆகிவிடுகிறார். வாடகை வாங்க வருகிறவருக்கும் அதே பெயர்.

ஆங்கிலமும் சளைத்ததல்ல. ஹஸ்பண்ட் என்ற சொல் 'வீட்டை உடையவன்' என்ற பொருளில் வட ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. ஹவுஸ்வைஃப் தேய்ந்து 'ஹஸ்ஸி' என்ற வசவாகிவிட்டது. எகனாமிக்ஸ் என்பதே கிரேக்கத்தில் வீட்டு நிர்வாகம்தான். பி.காம். படித்த மூன்று வருடமும் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சொல்லில் இத்தனை மரியாதை, கணக்கில்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களை 'வேலை செய்யாதோர்' பட்டியலில், பிச்சையெடுப்போர், கைதிகளோடு சேர்த்தது. 2010 ஜூலையில் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் நீதிபதி ஏ.கே. கங்குலி இதைக் கடுமையாகக் கண்டித்தார். இறந்துபோன அந்தக் குடும்பத்தலைவிக்கு இரண்டரை லட்சமாக இருந்த நஷ்டஈட்டை உச்ச நீதிமன்றம் ஆறு லட்சமாக்கியது.

நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு வழக்கு. கணவர் சவூதியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை, மனைவி ஊரில் பிள்ளைகளோடு. அவர் அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. திரும்பி வந்தவர், எல்லாம் என் சம்பாத்தியம் என்று வழக்குப் போட்டார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் நடத்தினார்கள், தாய்க்கு எதிராக! 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். வீட்டு வேலையின் பங்களிப்பை நேரடியாக ஏற்கும் சட்டம் இல்லை, ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். வீட்டில் இருப்பவர் நாள் முழுக்க மேலாளர், சமையல்காரர், வைத்தியர், நிதி பார்ப்பவர் எல்லாமாக இருக்கிறார், அதனால்தான் மற்றவர் வெளியே போய் சம்பாதிக்க முடிந்தது. ஆகவே சொத்தில் சரிபாதி.

நம்மில் எத்தனை பேர் ஊரில் வீட்டுப் பத்திரத்தை ஒற்றைப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறோம்?

அதே வருடம் செப்டம்பர் 15-ல் தமிழக அரசு, தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியது. தொகை சிறிதுதான். ஆனால் பெயரைப் பாருங்கள், 'உதவித் தொகை' இல்லை, 'உரிமைத் தொகை'.