கடலோர ஊரில் பழைய ஃபோர்வீல் வாங்குகிறீர்களா? முதலில் அடியில் பாருங்கள்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஏ4 வீதியில் போகிறவர்களுக்கு இந்த நிலம் தெரியும். கிழக்கே கொஞ்சத் தூரத்தில் கடல் மணல். மேற்கே வயல் வட்டைகள், வாய்க்கால் கட்டுகள், அதற்கும் அப்பால் காடு. தார் வீதியை விட்டு இறங்கினால் சாதாரண காருக்கு இங்கே வேலையில்லை. வட்டைக்குப் போக உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் போதும் என்றிருந்தவர்களில் சிலர் இப்போது பழைய ஜீப்பையும் டபுள் கெப்பையும் தேடுகிறார்கள். வார இறுதியில் பாணமை, உகந்தை, குமண என்று கிளம்பும் இளைஞர்களும் தேடுகிறார்கள். செய்திக்காக இந்தப் பாதைகளில் அலைகிறவன் என்பதால் “எத வாங்கலாம் மச்சான்?” என்று என்னிடமும் கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு வாகனத்தின் பெயரை. நான் திருப்பிக் கேட்பது, அந்த வாகனம் இத்தனை வருடமும் எங்கே நின்றது என்பதை.

இந்தக் கேள்விக்கு இலங்கையில் ஒரு தனிக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது, அதுவும் கனத்த வரியோடு. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்தவையே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே வயது போனதென்று இங்கே ஒரு ஜீப்பின் விலை இறங்கிவிடுவதில்லை. இருபத்தைந்து வருடப் பழைய ஹைலக்ஸை ஒருவர் நல்ல காரின் விலைக்குச் சொல்வார், வாங்கவும் ஆள் இருக்கும். ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு அதில் போகிறது. பொழுதுபோக்குத்தானே என்று இலேசாக நினைக்கக்கூடிய தொகையல்ல.

நம்முடைய நிலம் எதைக் கேட்கிறது?

மூன்று விதமான தரை நமக்கு இருக்கிறது. வட்டைப் பாதை களிமண். மாரியில் அது டயரின் பள்ளங்களை நிரப்பி வழுவழுப்பாக்கிவிடும். பல வாய்க்கால் கட்டுகள் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். அகலமான, பாரமான டபுள் கெப் அதில் ஒரு பக்கம் சறுக்கினால் நேரே வாய்க்காலுக்குள்தான். இரண்டாவது கடற்கரை மணல். அங்கே எஞ்சின் வலுவைவிட வண்டியின் பாரமும் டயரின் காற்றும்தான் தீர்மானிக்கும். மூன்றாவது பாணமை தாண்டி உகந்தைக்குப் போகும் கிறவல் பாதை. வெயில் காலத்தில் தரை கொஞ்சம் உயரமான எந்த வாகனமும் போய்வரும், மழைக்குப் பிறகு நிலைமை வேறு.

இந்த மூன்றிலும் பழகப் போகும் ஒருவருக்குத் தேவையானவை அதிகமில்லை. தனிச் செசியின் மேல் உடலை வைத்துக் கட்டிய வாகனம், தேவையானபோது மட்டும் முன் சக்கரங்களையும் இழுக்கவைக்கும் ஃபோர்வீல், அதோடு லோ ரேஞ்ச். லோ ரேஞ்ச் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் தனிக் கியர். சேற்றில் அக்சிலேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து போக உதவுவது அதுதான். ஹொண்டா வெசல் போன்றவை உயரமாகத் தெரிந்தாலும் தார் வீதி வாகனங்கள். நிசான் எக்ஸ்-ட்ரெயிலில் நான்கு சக்கர இழுவை இருந்தாலும் லோ ரேஞ்ச் இல்லை. குடும்பத்தோடு உகந்தை மலைக்குப் போய்வர அது போதும். வட்டைக்குள் இறக்க வேண்டாம்.

நம் சந்தையில் அகப்படுபவற்றில் எனக்கு முதலில் பிடித்தது சுசுகி ஜிம்னி, அதுவும் 1998இல் வந்த மூன்றாம் தலைமுறையின் 1.3 லீற்றர் பெற்றோல் எஞ்சின் உள்ளது. ஒரு தொன் அளவுதான் பாரம், ஒடுங்கிய உடல், முன்னும் பின்னும் முழு அச்சு. மணலில் மிதப்பதுபோல் போகும், கட்டுப் பாதையிலும் பயமில்லை. குறை என்னவென்றால், பின்னால் இருவர் ஏறினால் சாமான் வைக்க இடமிருக்காது. பெரிய குடும்பத்துக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

டபுள் கெப்புக்கு நம் ஊர்களில் ஒரு கெத்து இருக்கிறது. அரசியல்வாதி, சுனாமிக்குப் பிறகு வந்த என்.ஜி.ஓ. அதிகாரி, போடியார் என்று அதிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். வாங்குவதென்றால் டொயோட்டா ஹைலக்ஸின் பழைய எல்.என். 106 மாதிரி உறுதியானது. முன்பக்கமும் முழு அச்சு, தகட்டு ஸ்பிரிங், கம்பியூட்டர் எதுவுமில்லாத டீசல் எஞ்சின். உடம்பை உலுக்கிவிடும், ஆனால் எந்தக் கராஜிலும் திறந்து பார்க்கலாம். மிட்சுபிஷி எல்200 அதைவிட மலிவாகக் கிடைக்கும். அதன் 4டி56 எஞ்சினில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் வாங்கியதும் முதல் வேலை அதை மாற்றுவது. சூடேறிய 4டி56இல் சிலிண்டர் ஹெட் வெடிப்பது பழைய கதை, ரேடியேட்டர் தண்ணீரில் ஒயில் மிதக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சினின் பெயராலேயே அழைக்கப்படும் ‘4டிஆர்5’ ஜீப்பைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். வில்லிஸ் ஜீப்பை அனுமதி பெற்று மிட்சுபிஷி 1998 வரை ஜப்பானில் தயாரித்த வாகனம் அது. சேற்றுக்கு இதைவிட நல்லது குறைவு. ஆனால் கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒரு தடவை அதில் போய்வந்தவர் இரண்டாம் தடவை பஸ்ஸில்தான் போவார். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அழகு. உடல் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வார். செசி இரும்பு என்பதைச் சொல்ல மாட்டார்.

எதை எடுத்தாலும், வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்க் கராஜில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் கிளச் தட்டு, வீல் பெயாரிங், டிஃபரன்ஷியல் சாமான் கையில் கிடைக்குமா? இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி, இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். ஹைலக்ஸுக்கும் எல்200க்கும் அது நடக்கும். கொரிய ஜீப்புகளில் வசதி அதிகம், விலையும் நியாயமாக இருக்கும், ஆனால் சாமானுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க மனம் வேண்டும்.

உப்பு தின்ற இரும்பு

இனித்தான் முக்கியமான விடயம். கடற்கரை ஊர்களில் ஜீப் ஓடியே ஆகவேண்டியதில்லை, நின்றாலே உக்கும். உப்புக்காற்று செசியின் உள்பக்கத்தில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து, வெளியே தெரியாமல் தின்னும். தோணி, வலை, மீன் பெட்டி ஏற்றிய கெப் என்றால் சொல்லவே வேண்டாம். மீன் ஐஸ் உருகி வடியும் தண்ணீரும் உப்புத்தான்.

நண்பர் ஒருவருக்காகக் கெப் பார்க்கப் போனபோது எங்களோடு ஒரு வயதான மெக்கானிக் வந்தார். வெளியே பளிச்சென்று பெயின்ட். நாங்கள் பொனட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். காக்கா அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு சாக்கை விரித்து அடியில் புகுந்தார். “தம்பி, எஞ்சின் போனா மாத்து எஞ்சின் போடலாம். செசி உக்கினா என்னத்தப் போடுற?” என்று அங்கிருந்தே குரல் வந்தது. பின்பக்க ஸ்பிரிங் பூட்டிய இடத்தில் புதிதாக அடித்த கறுப்பு அன்டர்சீல் பூச்சு. ஸ்குரூ ட்ரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது. விற்றவரும் எட்டிப் பார்த்தார், பேசவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அவர் அன்று பார்த்த வரிசையையே நானும் எல்லோருக்கும் சொல்கிறேன். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டிய இடம், செசியின் வளைவுகள். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கினது ‘தொப்’ என்று கேட்கும். மேலோட்டமான செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம், தகடு தகடாக உரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய வாகனத்தின் அடிப்பாகம் மட்டும் புத்தம் புதிதாகக் கறுத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான். பிரேக் குழாய்களையும் கையால் தடவிப் பாருங்கள். வசதியிருந்தால் பதுளை, பண்டாரவளை, குருநாகல் பக்கம் ஓடிய வாகனத்தைத் தேடுவது வீண் செலவாகாது.

அடுத்தது வெள்ளம். ஆசனத்தின் அடியிலுள்ள தண்டவாளம் துருவேறியிருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்று வரி தெரிகிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் மூடித் திருகைக் கழற்றி விரலை விடுங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

ஃபோர்வீல் வேலை செய்கிறதா என்பதை தார் வீதியில் சோதிக்கக்கூடாது. தேவைக்கு மட்டும் போடும் வகையை உலர்ந்த தாரில் போட்டுத் திருப்பினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கும். மண் தரைக்கு எடுத்துப் போய், ஹையிலும் லோவிலும் போட்டு, முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் தொடாத லீவர் இறுகிப்போயிருக்கும். ‘வேலை செய்யும், இப்ப போடத் தேவையில்ல’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சகஜம், அது குற்றமல்ல. ஆனால் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்றும் பாருங்கள். நம் பகுதியில் ‘ஓபன் பேப்பர்’ என்று திகதி போடாமல் கையெழுத்து வாங்கி, மூன்று நான்கு கை மாறிய வாகனங்கள் ஏராளம். கையெழுத்திட்டவர் மௌத்தாகியிருந்தால், அல்லது வெளிநாட்டில் இருந்தால், உரிமை மாற்றத்துக்கு அலைவது நீங்கள்தான். விபத்து நடந்தால் பதிவிலுள்ளவரின் வீட்டுக்குத்தான் பொலிஸ் போகும் என்பதை விற்பவருக்கும் ஞாபகப்படுத்தலாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வாகனத்துக்குக் கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள் என்பது என் கணக்கு. டயருக்கே அதில் பாதி போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரை நம்ப வேண்டாம். மணலில் இறங்கும்போது 30, 35இல் இருக்கும் காற்றை 18 வரை இறக்க வேண்டும். திரும்ப அடிக்கச் சின்னக் கம்பிரசர் ஒன்று வேண்டும். நல்ல இழுவைப் பட்டியும், வண்டியின் செசியில் உறுதியான கொக்கியும் வேண்டும். ட்ரெயிலர் உருண்டையில் மாட்டி இழுத்தால் அது தெறித்து ஆளைக் கொல்லும்.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. உயிரிழந்த அந்தப் பிள்ளைகளை நம் ஊர்கள் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தின் பின் சக்கரம் எந்த ஜீப்பின் சக்கரத்தையும்விடப் பெரியது. ஓடும் தண்ணீர் ஓரடி உயர்ந்தாலே சிறிய காரை நகர்த்தும், இரண்டடி பெரும்பாலான வாகனங்களை, ஜீப்பையும் கெப்பையும் சேர்த்து, கொண்டுபோகும். புகைபோக்கிபோல் உயர்த்திய ஸ்நோர்க்கல் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வண்டி மிதப்பதை அது தடுக்காது. வாங்கிய புதிதில் வெள்ளத்தைக் கடந்து வீடியோ போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வீதி தெரியாத இடத்தில் ஓடும் தண்ணீர் கண்டால் திரும்பிவிடுங்கள்.

முதல் சில ஓட்டங்களை அறுவடை முடிந்த வட்டைப் பாதைகளில், பகலில், இன்னொரு வாகனத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வரம்பை உடைத்தால் வயற்காரரோடு பகை. உகந்தைப் பக்கம் பொழுதுபட்டபின் யானை பாதையில் நிற்கும், தொலைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது. குமண பூங்காவுக்குள் குறித்த பாதையை விட்டு இறங்க அனுமதியில்லை. கடற்கரையில் ஓடிய நாளென்றால் வீடு வந்த கையோடு அடிப்பாகத்தைக் கழுவுங்கள், அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். கரையோரக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் உவர். வாயில் விட்டுப் பார்த்து, உவரென்றால் குழாய்த் தண்ணீரிலேயே கழுவுங்கள்.