கயிற்றின் மறுமுனையை யார் பிடிப்பது?

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கி மயங்குகிறார். அவரைத் தூக்க உடன் வந்தவர் இறங்குகிறார். அவரும் மேலே வருவதில்லை. மறுநாள் நாளிதழ்கள் 'எதிர்பாராத விபத்து' என்று எழுதுகின்றன. எதிர்பார்க்க முடியாததா இது?

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் ஒரு தொழிலாளி இறங்க வேண்டுமானால், உள்ளே வாயு இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் சான்று தர வேண்டியிருந்தது. இல்லையேல் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய இடுப்புப் பட்டையும் வேண்டியிருந்தன. கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டியிருந்தது. 1948இல் எழுதப்பட்ட வடிவில், மயங்கியவரைப் பிழைக்க வைக்கும் கருவிகளும் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டியிருந்தது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் 1987இல் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுத்து, அதைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றானது.

இவையெல்லாம் ஆலையின் மதிலுக்குள்தான். தெருவிலுள்ள மேன்ஹோல் 'தொழிற்சாலை' ஆகாதே! அதில் இறங்குபவர் ஒப்பந்தக்காரரின் தினக்கூலி, பெரும்பாலும் தலித். 1993ஆம் ஆண்டுச் சட்டம்கூட உலர் கழிப்பிடத்தோடு நின்றுவிட்டது. சாக்கடையும் மலக்குழியும் சட்டத்துக்குள் வர 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாக்கடையில் 'அவசரம்' என்ற சொல்லுக்கே பொருள் வேறு. ஆலையில் அவசரம் என்றால் ஆளை வெளியே கொண்டுவருவது. இங்கே அடைப்பெடுக்க ஆளை உள்ளே இறக்குவது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், அவசர நிலையிலும் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையில் இறங்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான். 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமானது.

செத்த பிறகு கொடுக்க வேண்டிய தொகைக்குக் கணக்கு இருக்கிறது. சாகாமல் தடுக்க என்ன திட்டம் இருக்கிறது?

யாரையும் இறக்காதே, இயந்திரத்தை இறக்கு என்பதே நம் கோரிக்கை. அதுவரை உங்கள் தெருவில் மேன்ஹோல் மூடி திறக்கப்பட்டால் நின்று கேளுங்கள் தோழர்களே: வாயுவைச் சோதித்தது யார்? சுவாசக் கருவி எங்கே? கயிற்றைப் பிடித்திருப்பது யார்? பதில் இல்லையென்றால் மூடியைத் திரும்ப மூடச் சொல்லுங்கள்.