பூமியின் வயிறு

1672-ஆம் ஆண்டில் ரிஷே என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி தென் அமெரிக்காவிலுள்ள கயென்னுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய பெண்டுலக் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. வேறு யாராயிருந்தாலும் கடிகாரம் செய்தவனைத் திட்டியிருப்பார்கள். நியூட்டனோ பூமியின் வடிவத்தையே சந்தேகித்தார்.

1687-ல் வெளிவந்த தம் நூலில் அவர் சொன்ன காரணம் இது: ஆகர்ஷண சக்தி எல்லாவற்றையும் மையத்தை நோக்கி இழுத்துப் பூமியை உருண்டையாக்கப் பார்க்கிறது. ஆனால் பம்பரமாய்ச் சுழல்வதால் நடு வயிறு பிதுங்கிவிடுகிறது. பூமத்திய ரேகையருகே நிற்பவன் மையத்துக்குச் சற்றுத் தூரம். சுழற்சி வேறு இழுப்பைக் குறைக்கிறது. இழுப்புக் குறைந்தால் பெண்டுலம் மெதுவாகத்தானே ஆடும்?

பாரிஸில் காஸினி குடும்பத்தார் இதை ஒப்பவில்லை. பூமி எலுமிச்சம்பழம்போல் துருவங்களில் நீண்டது என்றார்கள், நியூட்டனுடையதோ கிச்சிலிப்பழம். இந்தப் பழச் சண்டையைத் தீர்க்க இரண்டு கோஷ்டிகள் புறப்பட்டன. தெற்கு வடக்காக ஒரு டிகிரி தூரத்தை இரண்டு இடங்களில் அளக்கவேண்டும். தட்டையான பக்கத்தில் அது சற்று நீளும்.

வடக்கே லாப்லாந்துக்குப் போன மோபெர்த்துயி 1737-லேயே திரும்பிவிட்டார். நியூட்டன் கட்சிக்கு வெற்றி. பாரிஸ் அவரைக் கொண்டாடியது.

என் மனம் போவதெல்லாம், 1735-ல் கீட்டோ மலைகளுக்குக் கிளம்பிய மற்றக் கோஷ்டியிடந்தான். அவர்களில் ஓர் இளைஞர் காய்ச்சலில் மாண்டார். வைத்தியர் செனியேர்க் 1739-ல் குவெங்கா நகரில், காளை விளையாட்டு நடந்த இடத்தில், கும்பல் தாக்கி இறந்தார். புகேயும் லா கொண்டமினும் பகைத்துக்கொண்டார்கள். விடை ஊரறிந்த பிறகும் 1743 வரை அளந்துகொண்டேயிருந்தார்கள்! வீம்பு என்று தோன்றும். ஆனால் பிற்காலத்தில் லாப்லாந்தை மறுபடி அளந்தபோது, மோபெர்த்துயியின் முடிவு சரி, கணக்குத்தான் பிசகு என்று தெரிந்தது. அதைவிட நம்பகமாக நின்றது கீட்டோக்காரர்களின் அளவே.

மலைக்கும் இழுப்பு உண்டல்லவா? அதையும் சோதிக்க 1738-ல் சிம்போராஸோ சரிவில், உறைபனியில் கூடாரம் அடித்து, கொத்தனார் சுவர் பார்ப்பதுபோல் தூக்குக்குண்டு தொங்கவிட்டார்கள். குண்டு மலைப்பக்கம் சாய்ந்தது. எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக.

துருவத்தைவிடப் பூமத்திய ரேகையில் பூமியின் ஆரம் சுமார் 21 கிலோமீட்டர் அதிகம். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் எவரெஸ்ட்தான் உயரம். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ, அதைவிட 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது அவர்கள் குளிரில் நடுங்கிய அந்தச் சிம்போராஸோவின் சிகரம்.